பின் சீட்டுத் தீர்ப்பு

அடித்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்; சூடத்தை நீங்கள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். சிறுமலைச் சாலையில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் அத்தனையும் எனக்குச் சாட்சி. நம்பிக்கை வராதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம்.

யாரும் எழுந்திருக்கவில்லையே? சரி.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவை ஒட்டி, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் சின்னதாக ஓர் ஆசிரமம். அங்கே ஒரு சாமி. வாழைத்தோட்டத்துச் சாமி என்றால் மலைக்கு மேலும் கீழும் எல்லாருக்கும் தெரியும். பெரிய ஞானி. சாமிக்குத் தொந்தி உண்டு என்று சிலர் சொல்வார்கள். பொறாமை. அது தொந்தி அல்ல. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திப் பழகியதில் வந்த அகலம்.

சாமிக்குச் சீடர்கள் பலர். அதில் நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் சோலைராஜ், திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஆசிரமத்துச் சாம்பாரில் சின்ன வெங்காயம் மிதப்பது அவரால். இன்னொருவர் பொன்னுத்துரை, மின்வாரியத்தில் இன்ஜினியர். மலையில் எத்தனை காற்றடித்து எத்தனை கம்பி அறுந்தாலும் ஆசிரமத்தில் ஃபேன் சுற்றுவது அவரால்.

இருவரும் உறவுக்காரர்கள். பொன்னுத்துரையின் தங்கை செண்பகவல்லியைத்தான் சோலைராஜ் கட்டியிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே இவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கொரு பழைய பைக்கில் கொடைக்கானல், வால்பாறை, கொல்லிமலை என்று சுற்றியவர்கள். ஒருவர் வண்டி வழியில் நின்றுவிட்டால், மற்றவர் தன் வண்டியில் இருந்தபடியே அதைக் காலால் தள்ளிக்கொண்டு வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பார். அப்படிச் சோலைராஜைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்த ஒரு நாளில்தான் செண்பகவல்லி அவருக்கு மோர் கொடுத்தாள். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே மாதத்தில் புது வண்டி வாங்கினார்கள்.

சோலைராஜ் வாங்கியது மகாராஜா. கறுப்பு. நல்ல கனம். ஸ்டார்ட் செய்தால் 'டுப்... டுப்... டுப்...' என்று யானை வெற்றிலை இடிப்பது போல ஒரு சத்தம். அந்த அதிர்வில் பக்கத்து வீட்டில் தோசைமாவு தானாகப் பொங்கும்.

பொன்னுத்துரை வாங்கியது சிங்காரி. பச்சை. ஒல்லி. சத்தம் குறைவு, ஓட்டம் அதிகம். அதில் திண்டுக்கல்லிலிருந்து நத்தத்துக்குக் கிளம்பினால் ஓட்டுபவரின் நிழல் பின்தங்கிவிடும். அடுத்த பஸ் பிடித்துத்தான் வந்து சேரும்.

இரண்டுமே புத்தம்புதிய வண்டிகள். முகம் மட்டும் பழைய காலத்து முகம். உருண்டை விளக்கு, கண்ணீர்த்துளி மாதிரி பெட்ரோல் டேங்க், முகம் பார்க்கலாம் போன்ற சைலன்சர். உடம்பில் பிளாஸ்டிக் சட்டை எதுவும் கிடையாது. எஞ்சின், குழாய், இரும்புச் சட்டம் எல்லாம் வெளியே தெரியும்.

"இதுக்கு நேக்கட் பைக்குன்னு பேரு சாமி" என்றார் சோலைராஜ், முதல் நாள் ஆசீர்வாதத்துக்கு வந்தபோது.

"அப்படின்னா?"

"நிர்வாணம்."

"அட, நம்ம ஆளா! வெயில்ல நிறுத்தாதே, உள்ள கூட்டிட்டு வா."

ஆரம்பத்தில் கேலிதான்.

"வண்டி வாங்கச் சொன்னா மாவு மிஷினுக்குச் சக்கரம் மாட்டி வாங்கியிருக்கியே மாப்ளே?"

"மச்சான், உங்க வண்டி ஓடுதா, இல்ல பக்கத்துல யாராவது ஜாக்கெட் தைக்கிறாங்களா?"

சிரித்தார்கள். மறுநாளும் சொன்னார்கள், கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். பிறகு மைலேஜ் வந்தது. பிரேக் வந்தது. மலையில் இழுவை வந்தது. டீக்கடை பெஞ்சில் மகாராஜா கட்சி ஒரு பக்கம், சிங்காரி கட்சி ஒரு பக்கம். கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டி, கழுத்துச் சுளுக்கோடு வைத்தியரிடம் போனார். கடைசியில் ஒரு ராத்திரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து இருவரும் ஒரே நிமிடத்தில் வெளியேறினார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குமேல் ஒரு போர்ப் பிரகடனம் கிடையாது.

அதற்கப்புறம்தான் செண்பகவல்லி மலையேறினாள்.

காலை நேரம். சாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மகாராஜா வந்து பலாமரத்து நிழலில் நின்றது. சற்றுப் பொறுத்துச் சிங்காரி வந்தது. அந்த நிழல் வேண்டாமென்று வெயிலில் போய் நின்றது. இரண்டுக்கும் பிறகு, வளைவில் முக்கி முனகித் திரும்பிய பஸ்ஸிலிருந்து செண்பகவல்லி இறங்கினாள். இடுப்பில் குழந்தை.

"சாமி, நீங்கதான் நியாயம் சொல்லணும்."

"சொல்லலாம்மா. முதல்ல பழம் சாப்பிடு."

"பழம் இறங்காது சாமி. வர்ற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. கோயிலுக்குச் சொல்லியாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. பிள்ளையை மடியில வச்சுக்கத் தாய்மாமன் இல்ல."

"அதான் அங்க வெயில்ல காயிறானே."

"காயிறாரு. ஆனா வரமாட்டாராம்."

பொன்னுத்துரை வெயிலில் இருந்தபடியே சொன்னார். "மாவு மிஷின் வச்சிருக்கிற வீட்டுல எனக்கு என்ன சாமி வேலை?"

"தையல் மிஷின்ல வர்றவர் மடியில என் பிள்ளை உட்காராது" என்றார் சோலைராஜ், நிழலில் இருந்து.

"உங்க பிள்ளை மட்டும்தானா? நான் என்ன ஊறுகாயா?" என்றாள் செண்பகவல்லி. சாமியிடம் திரும்பினாள். அவள் குரல் இறங்கியது. "மாமன் மடி இல்லாம ஆசாரி ஊசியைத் தொட மாட்டாரு சாமி. சொந்தபந்தம் அத்தனை பேரும் வருவாங்க. அண்ணன் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? பெட்ரோல் டேங்கு சரியில்லாததால வரலன்னு சொல்லவா? எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்."

சாமி பழத்தோலைக் கீழே வைத்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"எது நல்ல வண்டின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தோத்தவங்க மன்னிப்புக் கேக்கணும். ஜெயிச்சவங்க வாயை மூடிக்கிட்டுக் கோயிலுக்கு வரணும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பாப்பா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காங்க."

"மொட்டை போடப்போற தலையிலா? முடியோட சத்தியமும் போயிடுமே."

யாரும் சிரிக்கவில்லை. சாமி கண்ணை மூடினார். மகாராஜா தோற்றால் சாம்பார் போய்விடும். சிங்காரி தோற்றால் காற்று போய்விடும். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் தியானம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சரி" என்றார் ஒருவழியாக. "உன் வண்டியில என்ன விசேஷம் சோலை?"

"இழுவை சாமி. பின்னால வெங்காய மூட்டையைக் கட்டினாலும் மூச்சு வாங்காம மலை ஏறும்."

"அது ஏறி வர்றதுக்குள்ள நான் ஏறி, இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பேன்" என்றார் பொன்னுத்துரை.

"உன் வண்டியில என்ன குறை துரை?"

"குறையா? என் வண்டியிலயா? ஒண்ணுமே இல்ல சாமி."

"உன்னுதுல?"

"தேடினாலும் கிடைக்காது சாமி" என்றார் சோலைராஜ்.

"அடேயப்பா. குறையே இல்லாதது ரெண்டு. கடவுளைத் தேடி இத்தனை வருஷம் மலையில உட்கார்ந்திருக்கேன். அதுங்க பாட்டுக்கு வாசல்ல வந்து நிக்குது."

"நீங்களே ஓட்டிப் பாருங்க சாமி."

"சந்நியாசிக்கு லைசென்ஸ் ஏதுப்பா? ஆளுக்கு ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க. நான் பின்னால உட்கார்ந்துக்கிறேன்."

இருவரும் தங்கள் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

சாமி எழுந்து போய் மகாராஜாவைச் சுற்றி வந்தார். வெயிலுக்குப் போய்ச் சிங்காரியையும் சுற்றி வந்தார்.

"பின் சீட்டு எங்க?"

"கழட்டியாச்சு சாமி" என்றார் சோலைராஜ். "ஒத்தை சீட்டு போட்டாத்தான் அந்தக் காலத்து லுக் வரும்."

"உன்னுது?"

"அதேதான் சாமி" என்றார் பொன்னுத்துரை.

ஊர் உலகத்தில் இந்த ஒரு விஷயத்தில்தான் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள்.

"வண்டி வந்த நாள்லேர்ந்து நானும் பாப்பாவும் பஸ்லதான் போறோம் சாமி" என்றாள் செண்பகவல்லி. "எங்க அண்ணியும் அப்படித்தான். பஸ்ஸுல பார்த்துக்கிட்டா ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்."

"போங்க. சீட்டை மாட்டிட்டு நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தார்கள். சீட்டு இருந்தது. செண்பகவல்லியும் வந்தாள், பஸ்ஸில்தான்.

முதலில் மகாராஜா. சாமி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் தரைவரை குனிந்தன. அது பாரம் அல்ல, பக்தி. சோலைராஜ் கொடுத்த ஹெல்மெட் சாமி தலையில் ஏறியது, காதில் இறங்க மறுத்தது. நாலு தட்டுத் தட்டியதும் இறங்கியது.

வண்டி மேலே ஏறியது.

"சாமி, இழுவை எப்படி?"

"ம்."

"சத்தம் எப்படி சாமி?"

"ம்."

வளைவுகள் வந்தன, போயின. சோலைராஜின் கேள்விகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம், கீழே திண்டுக்கல் தூசியாகக் கிடந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. அந்த இடத்தில் மனுஷனுக்கு என்னவோ ஆகிறது.

"சாமி... ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"ஒண்ணு சொல்லணும் சாமி!"

"ஹெல்மெட்டுல ஒண்ணும் கேக்கல. கத்திச் சொல்லு."

சோலைராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். சாலையில் யாரும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

"அவர் வண்டிதான் நல்லா இருக்கு!"

மலை அதை வாங்கி, மூன்று பக்கமும் திருப்பிச் சொன்னது. ஓரச்சுவரில் இருந்த ஒரு குரங்கு, தின்றுகொண்டிருந்த கொய்யாவைக் கீழே போட்டுவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் அவர் வீட்டுக்குப் போனப்போ ஆள் குளிச்சுக்கிட்டிருந்தாரு. சாவி ஆணியில தொங்குச்சு. ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம்னு ஒரு சுத்து எடுத்தேன் சாமி. வளைவுல மீன் மாதிரி திரும்புது! நினைச்ச இடத்துல போய் நிக்குது! அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

"இதை அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சாமி? சொல்லிட்டா அப்புறம் என் வண்டி?"

"உன் வண்டி நின்னுருமா?"

சோலைராஜ் ஒரு கியர் குறைத்தார். ஆசிரமம் தெரிகிற வளைவில்தான் மறுபடி வாய் திறந்தார்.

"சாமி, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. செத்தாலும் வெளியே போகக் கூடாது."

"நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் ஒண்ணுமே கேக்கலையே."

அடுத்தது சிங்காரி.

நிழலையே பின்தள்ளுகிற வண்டி என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அப்படி ஓடவில்லை. பொன்னுத்துரை அதை முட்டைக் கூடை போல ஓட்டினார். வாழைத்தார் ஏற்றிய வேன் முந்திக்கொண்டு போனது. வேலைக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டே முந்திக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பசுமாடு திரும்பிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனது.

"என்னப்பா, பெட்ரோல் இல்லையா?"

"யோசனை சாமி."

சிங்காரியில் சத்தம் இல்லை. கத்த வேண்டிய அவசியம் இல்லை. பொன்னுத்துரை மெதுவாகத்தான் கேட்டார்.

"சாமி, மாப்ளே வண்டியில போனீங்களே. அந்த டுப் டுப் சத்தம். உங்களுக்கு அது எங்க கேட்டுச்சு?"

"காதுலதான்."

"எனக்கு வயித்துல கேட்டுச்சு சாமி."

சாமி சற்று முன்னால் சாய்ந்தார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சண்டை நடந்துக்கிட்டிருக்கு, இருந்தாலும் போனேன். பிள்ளையை ஆட்டோவுல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, இந்த வண்டியை வீட்டுல விட்டுடுங்கன்னு மாப்ளே சாவியைக் கையில திணிச்சாரு. முகத்தைக்கூடப் பார்க்கல. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல நத்தம் வரைக்கும் போயிட்டு வந்தேன் சாமி."

"அது நடுவுல வராதே."

"வராது. அது வண்டியில்ல சாமி, தொட்டில். ஏறி உட்கார்ந்தா அவசரம்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோகுது. என் வண்டியில ஏறினா, போற இடத்துல யாரோடயோ சண்டை இருக்கிற மாதிரியே ஒரு பரபரப்பு. திரும்பி வர்ற வழியில எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அதைப் போயா மாவு மிஷின்னு சொன்னே?"

"சொன்னது முதல்ல சாமி. அழுதது அப்புறம். நடுவுல வார்த்தை தடிச்சுப்போச்சு." ஒரு வளைவைத் திரும்பினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சாமி."

"எனக்கு ஞாபகசக்தி கிடையாதுப்பா. ஞானிகளுக்கு அது ஆகாது."

திரும்பி வந்தபோது செண்பகவல்லி பலாமரத்தடியில் காத்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சோலைராஜ் ஒரு பக்கம் வந்து நின்றார். பொன்னுத்துரை இன்னொரு பக்கம். இரண்டு பேர் முகத்திலும் இரத்தமே இல்லை. தன் வாயாலேயே தன் வண்டி தோற்றது என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயம்.

"சொல்லுங்க சாமி" என்றாள் செண்பகவல்லி.

"சொல்றேன். போற வழியில இவங்க ரெண்டு பேரும் ஒரு விஷயம் சொன்னாங்க. அது என்னன்னா..."

"சாமி!"

இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். குழந்தை ஒருமுறை உதறிக்கொண்டு மறுபடி தூங்கியது. அலறிய இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ரொம்ப நாள் கழித்து.

"சரி, அதை விடு" என்றார் சாமி. "தீர்ப்பு இதுதான். பாப்பாவுக்குக் காதுப்புண் ஆறுற வரைக்கும் இவன் வண்டியை அவன் ஓட்டணும். அவன் வண்டியை இவன் ஓட்டணும்."

மலையில் காற்றுகூட நின்றது.

பொன்னுத்துரை முகத்தை வெகுபாடுபட்டுச் சுருக்கிக்கொண்டார். "அந்த மகாராஜாவையா சாமி? கஷ்டம்தான்."

"சாமி வாக்கு. தாங்கித்தானே ஆகணும்?" என்றார் சோலைராஜ். பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சின் கடைசி முனை சிரிப்பாக முடியப் பார்த்தது, இருமி மறைத்தார்.

"காதுப்புண் ஆற எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"என்ன அவசரம் மச்சான்? மெதுவா ஆறட்டும்."

"ஏங்க, என் பிள்ளை காது சீக்கிரம் ஆறணும்!" என்றாள் செண்பகவல்லி. "இது என்ன தீர்ப்பு சாமி? யாரு ஜெயிச்சா, யாரு தோத்தா? யாரு மன்னிப்புக் கேக்கிறது?"

"முதல்ல சாவியைக் கேக்கட்டும்மா."

இங்கே உங்களுக்கு ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். வண்டிப் பைத்தியங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் வண்டியை இன்னொருவன் கேட்டு வாங்கும்போது, சாவியை மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த வண்டியின் குறைகளையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பிரேக் எப்படி, கியர் எப்படி, எந்த இடத்தில் காலை வாரும் என்று. சொல்லாமல் கொடுத்து, வாங்கியவன் விழுந்து எழுந்து வந்தால், கொடுத்தவன் முகத்தில் அப்புறம் யாரும் விழிக்க மாட்டார்கள். ஓட்டத் தெரிந்த எவனும் இதை மீறியது கிடையாது. ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவது வேறு. காய்ச்சல் நேரத்தில் முகம் பார்க்காமல் திணிப்பது வேறு. இது கேட்டு வாங்குவது.

"சாவி குடுங்க மச்சான்" என்றார் சோலைராஜ்.

"உன்னுதையும் குடு மாப்ளே."

கைகள் நீண்டன. சாவி கைமாறவில்லை. பொன்னுத்துரை தன் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். ஏதோ ஒரு பெரிய பாறாங்கல்லை நகர்த்துவது போல முதல் வார்த்தை வந்தது.

"மாப்ளே... முன் பிரேக் வெடுக்குன்னு பிடிக்கும். ஒரு விரல் போதும். நாலு விரலையும் போட்டுடாதே, தூக்கி எறிஞ்சிடும்."

சோலைராஜ் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு தன் சாவியைப் பார்த்தார்.

"இது அதுக்கு நேர்மாறு மச்சான். பிடிச்சாலும் நிக்காது. கனம் ஜாஸ்தி. முன்கூட்டியே பிடிக்கணும். லாரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க."

"மண்ணு கிடந்தா பின் சக்கரம் வழுக்கும். செண்பகத்தை ஏத்திக்கிட்டு வேகம் வேண்டாம்."

"ரொம்ப தூரம் ஓட்டினா கை மரத்துப்போகும் மச்சான். நடுவுல நிறுத்திக் கையை உதறிக்குங்க. எனக்கு ரெண்டு தடவை விரலே இல்லாத மாதிரி ஆயிருச்சு."

"அப்படியா? சொல்லவே இல்லையே."

"யார்கிட்டச் சொல்ல?"

பொன்னுத்துரை கீழே உட்கார்ந்து எஞ்சினைத் தொட்டுக் காட்டினார். "கூட்டத்துல நின்னா இந்த இடம் நெருப்பாச் சுடும் மாப்ளே. வேட்டியோட ஏறாதே. என் வலது தொடை வெந்துபோய்க் கிடக்கு."

"நியூட்ரல் விழவே விழாது மச்சான், இதுல. சிக்னல்ல மானம் போகும்."

"இதுலயும் அதே கதைதான்!"

"நெஜமாவா?"

சோலைராஜும் கீழே உட்கார்ந்தார். இருவரும் சிங்காரிக்கு ஒரு பக்கம், பிறகு மகாராஜாவுக்கு ஒரு பக்கம் என்று நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். துருப் பிடிக்கிற இடம், எண்ணெய் கசிகிற இடம், மழையில் தண்ணீர் புகுகிற இடம். நிழல் மரத்தைச் சுற்றிப் பாதி தூரம் வந்துவிட்டது. குறைகள் தீரவில்லை.

"நேத்து ரெண்டு பேரும் குறையே இல்லன்னீங்களே?" என்றாள் செண்பகவல்லி.

அவர்கள் காதில் விழவில்லை. பொன்னுத்துரை செயினைத் தொட்டுப் பார்த்தபடி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மாப்ளே?"

"ஒன்பதுக்குள்ள ஊசி ஏறணுமாம் மச்சான். நீங்க எட்டுக்கே வந்துடுங்க. மடி நிறையணும்ல."

"அப்ப ஏழரைக்கே கிளம்பணும். இது மெதுவாத்தானே போகும்."

செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலாக இருக்கலாம். சாமி அவளிடம் ஒரு பழத்தை நீட்டினார். இந்தத் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொன்றும் கேட்டாள்.

அன்றைக்கு அவள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. குழந்தையைச் சேலையால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சிங்காரியின் பின் சீட்டில் ஏறினாள். "ஒரு விரல் மாப்ளே, ஒரு விரல்!" என்று பொன்னுத்துரை கத்திக்கொண்டே மகாராஜாவில் பின்தொடர்ந்தார்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து நடந்தது. பொன்னுத்துரை பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதுக்குக் குழந்தை அழுதது. இரண்டாவது காதுக்கு மாமன் அழுதார். அவர் அழுத அழுகையில் நாதஸ்வரக்காரர் சுருதியை மாற்ற வேண்டியதாயிற்று. சோலைராஜ்தான் பக்கத்தில் உட்கார்ந்து மச்சான் முதுகைத் தடவிக்கொடுத்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் வேடிக்கை பார்த்தது.

பந்தியில் சாமிக்குத் தனி இலை. செண்பகவல்லி பாயச வாளியோடு வந்தாள். மூன்றாவது தடவை ஊற்றியபிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"சாமி, எனக்கு மட்டும் சொல்லுங்க. ரெண்டுலயும் உட்கார்ந்து பார்த்தீங்களே. நெஜமா எது நல்ல வண்டி?"

சாமி பாயசத்தை வழித்துக் குடித்தார்.

"பின்னால உட்கார்ந்தவனுக்கு வண்டி எங்கம்மா தெரியும்? ஆள் முதுகுதான் தெரிஞ்சது."

"சரி சாமி, அந்த முதுகுல என்ன தெரிஞ்சது?"

"ரெண்டும் ஒரே மாதிரி வேர்த்திருந்துச்சு."

செண்பகவல்லி வாளியோடு அப்படியே நின்றாள். அடுத்த இலைக்காரர் பாயசம் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நடந்ததை நடந்தபடி ஒப்பித்துவிட்டேன். நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த மச்சான் சொன்னதும் இந்த மாப்பிள்ளை சொன்னதும், இரண்டும் சேர்ந்து விழுந்தது இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளின் காதில்தான். உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.